கணிப்பொறித் திரையில் வளையும் பந்து

2023ஆம் ஆண்டு மார்ச் 21. அமெரிக்காவின் மியாமி நகரில் உலக பேஸ்பால் கிளாசிக் போட்டியின் இறுதி ஆட்டம். ஜப்பான் 3, அமெரிக்கா 2. கடைசிக் கட்டத்தில் அமெரிக்காவுக்கு மீதமிருந்தவர் ஒரே ஓர் ஆட்டக்காரர், மைக் டிரவுட். பந்தை எறிந்தவர் ஜப்பானின் ஷோஹெய் ஓதானி. மணிக்கு 160 கி.மீ. வேகத்தில் சில பந்துகளை எறிந்து டிரவுட்டை அந்த வேகத்துக்குப் பழக்கிவிட்டு, கடைசிப் பந்தைச் சுமார் 140 கி.மீ. வேகத்தில் எறிந்தார் ஓதானி. பந்து டிரவுட்டை விட்டு விலகி, விலகிச் சென்றது. மட்டை வெறும் காற்றை வீசிற்று. ஆட்டம் முடிந்தது.

பக்கவாட்டில் வெகுவாக விலகும் இத்தகைய பந்துக்கு 'ஸ்வீப்பர்' என்று பெயர். இதே பந்தை உங்கள் வீட்டுத் தொலைக்காட்சித் திரையில், வீடியோ விளையாட்டில், நீங்களும் எறியலாம். பொத்தானை அழுத்தினால் திரையில் பந்து வளைகிறது. ஆனால் எவ்வளவு வளைய வேண்டும், எந்த இடத்திலிருந்து வளைய வேண்டும் என்பதைக் கணிப்பொறிக்கு யார் சொன்னது? அந்த வளைவு மெய்யானதா, அல்லது ஓவியர் ஒருவர் கண்ணுக்கு அழகாக வரைந்து வைத்த கோடா? இயக்கவியலில் நாம் படித்த பாடங்கள் இக்கேள்விக்கு விடை தருகின்றன. ஒரு தாளும் பென்சிலும் இருந்தால் நீங்களே சரிபார்க்கலாம்.

ஆட்டத்தின் அளவுகள்

பேஸ்பாலில் பந்தை எறிபவரைப் பிட்சர் என்றும் அடிப்பவரைப் பேட்டர் என்றும் அழைப்பார்கள். பிட்சர் சுமார் 25 செ.மீ. உயரமுள்ள மண்மேட்டின் மீது நின்று எறிகிறார். பேட்டரின் அருகே தரையில் 43 செ.மீ. அகலமுள்ள ஐங்கோணப் பலகை ஒன்று பதிக்கப்பட்டிருக்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவு 60 அடி 6 அங்குலம், அதாவது 18.44 மீட்டர். 1893ஆம் ஆண்டு முதல் இந்த அளவு மாறவில்லை. நாம் நன்கறிந்த கிரிக்கெட் ஆடுகளத்தைவிட இது சற்றுக் குறைவுதான். ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. கிரிக்கெட்டில் பந்து தரையில் பட்டு எழும். சுழற்பந்து வீச்சாளருக்குத் தரையே பாதி உதவி செய்துவிடும். பேஸ்பாலில் பந்து தரையைத் தொடுவதில்லை. எல்லா வித்தையும் காற்றிலேயே நடந்தாக வேண்டும்.

பந்தின் நிறை சுமார் 145 கிராம். விட்டம் ஏறத்தாழ 7.3 செ.மீ. இரண்டு தோல் துண்டுகளைச் சிவப்பு நூலால் 108 இரட்டைத் தையல்கள் இட்டு இணைத்திருப்பார்கள். தையல் சற்றே புடைத்திருக்கும். இந்தப் புடைப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பிட்சர் முன்னோக்கிக் கால் நீட்டி எறிவதால் பந்து உண்மையில் காற்றில் பறக்கும் தொலைவு 16.5 மீட்டர் அளவே. மணிக்கு 150 கி.மீ. என்பது விநாடிக்கு 41.7 மீட்டர். வழியில் காற்றுத் தடையால் வேகம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைகிறது. சராசரியாக விநாடிக்கு 40 மீட்டர் என்று கொண்டால், பந்து 0.41 விநாடியில் பேட்டரை அடைந்துவிடும். மட்டையைச் சுழற்றவே 0.15 விநாடி ஆகும். ஆகவே அடிப்பதா விடுவதா, எங்கே அடிப்பது என்பதைப் பேட்டர் முதல் 0.2 விநாடியிலோ அதைவிடச் சிறிது கூடுதலான நேரத்திலோ முடிவு செய்துவிட வேண்டும். கண் இமைக்கும் நேரம் என்று சொல்கிறோமே, அது இங்கே மிகைப்படுத்தல் அன்று.

பந்தைக் கைப்பிடியால் ஓட்டிய காலம்

தொடக்ககால வீடியோ விளையாட்டுகள் இதைப் பற்றியெல்லாம் கவலைப்படவில்லை. அடாரி நிறுவனம் 1978இல் வெளியிட்ட 'ஹோம் ரன்' விளையாட்டிலும், ஜப்பானின் நாம்கோ நிறுவனம் 1986இல் வெளியிட்ட 'ஃபேமிலி ஸ்டேடியம்' விளையாட்டிலும் பந்து கையை விட்டுப் போன பிறகும் அதை இடமோ வலமோ ஓட்டிச் செல்லலாம். சிறுவர்களுக்கு அது பெரு மகிழ்ச்சி. பாவம், நியூட்டனின் முதல் விதிதான் அவதிப்பட்டது. கையை விட்டு நீங்கிய பந்தின் மீது கைக்கு எந்த அதிகாரமும் இல்லை அல்லவா?

அடுத்த கட்டத்தில் பந்து வகைகள் வந்தன. ஃபாஸ்ட்பால், கர்வ்பால், ஸ்லைடர், சேஞ்சப் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பொத்தான். ஒவ்வொரு பொத்தானுக்கும் முன்கூட்டியே வரைந்து வைத்த ஒரு வளைகோடு. 'இவருடைய கர்வ்பாலுக்கு 80 மதிப்பெண், அவருடையதற்கு 60' என்று எண் கொடுத்து, அந்த எண்ணுக்கு ஏற்ப வளைகோட்டைப் பெரிதாக்கினார்கள். முன்னேற்றந்தான், ஆனாலும் அடிப்படையில் ஒரு கோளாறு இருக்கிறது. ஃபாஸ்ட்பால், ஸ்லைடர் என்பவை மனிதர் வைத்த பெயர்கள். பிட்சர் பந்தைப் பிடிக்கும் விதத்தையும் அவருடைய எண்ணத்தையும் குறிப்பவை. காற்றுக்கு இப்பெயர்கள் தெரியா. பந்து என்ன வேகத்தில், எந்தத் திசையில் வருகிறது, எந்த அச்சைச் சுற்றி எவ்வளவு விரைவாகச் சுழல்கிறது, தையல் எந்தப் பக்கம் இருக்கிறது, இவ்வளவே காற்றுக்குத் தெரியும். விளையாட்டை மெய்யாக்க விரும்புபவர் பெயரிலிருந்து தொடங்காமல் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

மூன்று விசைகள்

பறக்கும் பந்தின் மீது செயல்படும் விசைகள் மூன்று. முதலாவது புவியீர்ப்பு விசை. இரண்டாவது, இயக்கத்துக்கு எதிராகச் செயல்படும் காற்றுத் தடை. விநாடிக்கு 40 மீட்டர் வேகத்தில் இத்தடை பந்தின் எடைக்கு ஏறத்தாழச் சமமாகிவிடுகிறது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். மூன்றாவது, சுழற்சியால் விளையும் பக்க விசை. சுழலும் டென்னிஸ் பந்து வளைவதைப் பற்றி நியூட்டன் 1672லேயே எழுதியிருக்கிறார். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இதை ஆராய்ந்த ஜெர்மன் அறிஞர் மேக்னஸின் பெயரால் இது மேக்னஸ் விளைவு எனப்படுகிறது.

பாடப்புத்தகங்களில் இதைப் பெர்னூலி தேற்றத்தைக் கொண்டு இரண்டு வரியில் விளக்கி முடித்துவிடுவார்கள். அந்த விளக்கம் எனக்கு நிறைவு தருவதில்லை. இப்படிப் பாருங்கள். பந்தின் மேற்புறம் பின்னோக்கிச் சுழல்வதாகக் கொள்வோம். மேற்புறத் தோல், எதிரே வரும் காற்று போகும் திசையிலேயே நகர்கிறது. காற்றைத் தன்னோடு சிறிது இழுத்துக்கொண்டு போகிறது. ஆகவே மேற்புறத்தில் காற்று பந்தை விட்டுத் தாமதமாகப் பிரிகிறது. கீழ்ப்புறத்தில் தோல் காற்றை எதிர்த்து நகர்வதால் காற்று முன்னதாகவே பிரிந்துவிடுகிறது. விளைவாக, பந்தின் பின்னால் ஓடும் காற்று கீழ்நோக்கித் திருப்பப்படுகிறது. பந்து காற்றைக் கீழே தள்ளினால், காற்று பந்தை மேலே தள்ளத்தானே வேண்டும்? நியூட்டனின் மூன்றாம் விதி இது.

இந்த வளைவு வெறும் கண்மயக்கம் என்று நெடுங்காலம் வாதிட்டவர்களும் உண்டு. அமெரிக்க தேசிய அளவை நிலையத்தின் முன்னாள் இயக்குநர் லைமன் பிரிக்ஸ், எண்பது வயதைத் தாண்டிய பிறகு, காற்றுச் சுரங்கத்தில் சுழலும் பேஸ்பால்களை வைத்துச் சோதித்து 1959இல் முடிவுகளை வெளியிட்டார். பந்து ஒன்றரை அடி அளவுக்குக் கூட வளைய முடியும் என்பது அவருடைய அளவீடுகளிலிருந்து தெரிந்தது. அத்துடன் வாதம் அடங்கியிருக்க வேண்டும்.

இனிக் கணக்கு. நிமிடத்துக்கு 2300 சுற்று என்பது ஒரு நல்ல ஃபாஸ்ட்பாலின் சுழற்சி. பின்னோக்கிய சுழற்சியால் இப்பந்துக்குக் கிடைக்கும் மேல்நோக்கிய முடுக்கம் விநாடிக்கு விநாடி 5 மீட்டர் அளவில் இருக்கும். புவியீர்ப்பு முடுக்கம் 9.8. ஆகவே மேக்னஸ் விசை எடையில் ஏறத்தாழப் பாதி. புவியீர்ப்பு மட்டும் இருந்தால் 0.41 விநாடியில் பந்து 82 செ.மீ. விழும். மேக்னஸ் விசை 40 செ.மீ.க்கு மேல் மீட்டுக் கொடுத்துவிடுவதால் 40 செ.மீ. அளவுதான் விழுகிறது. 'இவருடைய பந்து மேலே எழும்புகிறது' என்று பேட்டர்கள் சொல்வதன் பொருள் இதுதான். பந்து எழும்புவதில்லை, எதிர்பார்த்ததைவிடக் குறைவாக விழுகிறது. திரையில் ஃபாஸ்ட்பாலை மேல்நோக்கி வளைத்துக் காட்டும் விளையாட்டு எதுவாயினும் அது பொய் சொல்கிறது.

அச்சைத் திருப்பினால் வகை மாறும்

இப்போது அதே பந்தின் சுழற்சி அச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். பிட்சரின் கை தலைக்கு நேர் மேலே செங்குத்தாக வருவதில்லை, சாய்ந்தே வருகிறது. ஆகவே ஃபாஸ்ட்பாலின் அச்சும் சற்றுச் சாய்ந்திருக்கும். பந்து எறியும் கையின் பக்கமாகச் சிறிது நகரும். சாய்வு கூடினால் பக்கவாட்டு நகர்வு கூடி, தாங்கும் விசை குறையும். பந்து தாழ்ந்து வரும்; அதற்கு 'சிங்கர்' என்று பெயர். அச்சை முழுதும் தலைகீழாக்கி முன்னோக்கிச் சுழலவிட்டால் மேக்னஸ் விசை புவியீர்ப்போடு சேர்ந்துகொண்டு பந்தைக் கீழே தள்ளும், அது கர்வ்பால். மணிக்கு 125 கி.மீ. வேகத்தில் வரும் கர்வ்பால் அரை விநாடி பறக்கிறது. புவியீர்ப்பால் மட்டும் 1.2 மீட்டர், சுழற்சியால் மேலும் கால் மீட்டர், ஆக ஒன்றரை மீட்டருக்கு அருகில் விழுந்துவிடுகிறது. ஃபாஸ்ட்பாலின் 40 செ.மீ.யுடன் இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

சேஞ்சப் பந்தின் சூட்சுமம் வேறு. ஃபாஸ்ட்பால் போலவே கை வரும். வேகம் மட்டும் 15 கி.மீ. குறைவு. 135 கி.மீ. வேகப் பந்து பேட்டரை அடைய 0.46 விநாடி ஆகும். 0.05 விநாடி என்ன பெரிய தாமதம் என்று கேட்காதீர்கள். ஃபாஸ்ட்பால் என்று நம்பி மட்டையைச் சுழற்றியவரின் மட்டை கடந்து போகும் வேளையில் இப்பந்து இன்னும் 1.8 மீட்டர் தொலைவில் இருக்கும்.

சுழற்சி எண்ணை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாத இடம் ஒன்று உண்டு. துப்பாக்கிக் குண்டு சுழல்வது போல, பறக்கும் திசையிலேயே அச்சு அமைந்தால் மேக்னஸ் விசை கிடையாது. எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் பயனில்லை. ஸ்லைடர் பந்துகளில் சுழற்சியின் பெரும்பகுதி இவ்வகையானதே. இத்தகைய சுழற்சியைப் பற்றிக் கணிப்பொறியால் ஆராய்ந்த ஜப்பானிய அறிஞர் ரியூதாரோ ஹிமெனோவின் பணியால் 'ஜைரோபால்' என்ற பெயர் 2000க்குப் பின் பரவிற்று. டைசுகே மட்சுசாகா 2007இல் பாஸ்டன் அணிக்கு ஆட வந்தபோது, அவர் கையில் ஏதோ மாயப் பந்து இருப்பதாகப் பத்திரிகைகள் பரபரத்தன. மாயம் ஒன்றுமில்லை, அது சுழற்சியின் துணையின்றி வெறும் புவியீர்ப்பால் விழும் பந்து. மற்றப் பந்துகளெல்லாம் சுழற்சியால் தாங்கப்படும்போது, தாங்கப்படாத பந்தே ஒரு தந்திரமாகிவிடுகிறது. 'சுழற்சி மிகுந்தால் வளைவு மிகும்' என்று ஒரே சூத்திரம் எழுதிய விளையாட்டில் ஸ்லைடர் ஒருநாளும் சரியாக வராது.

கடைசி நொடியில் ஒடிகிறதா?

ஆட்டக்காரர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொல்லும் செய்தி ஒன்று உண்டு. பந்து நேராகவே வந்து, கடைசி நேரத்தில் திடீரென்று ஒடிகிறது என்பார்கள். இதை நம்பிப் பல விளையாட்டுகளில் கடைசி இரண்டு மூன்று மீட்டரில் பந்தைச் சட்டென்று திருப்பினார்கள். இது முடியுமா என்று கணக்கிடுவோம். கடைசி 3 மீட்டரைக் கடக்க 0.08 விநாடி ஆகும். அதற்குள் 40 செ.மீ. விலக வேண்டுமானால் முடுக்கம் விநாடிக்கு விநாடி 125 மீட்டர் வேண்டும். விசை 18 நியூட்டன். மேக்னஸ் விளைவு தரக்கூடியதோ ஒரு நியூட்டனுக்கும் குறைவு! இருபது மடங்கு விசையைக் காற்றிடம் கடன் கேட்கிறது அந்த விளையாட்டு.

அப்படியானால் ஆட்டக்காரர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை. விசை வழி முழுதும் ஏறத்தாழ ஒரே அளவாகச் செயல்பட்டால் விலகல் நேரத்தின் இருமடிக்கு நேர் விகிதத்தில் கூடும். பாதை ஒரு பரவளையம். 40 செ.மீ. விலகும் பந்து பாதி நேரத்தில் 10 செ.மீ. மட்டுமே விலகியிருக்கும். பேட்டர் முடிவு செய்யும் 0.2 விநாடியில் 8 செ.மீ.தான். மீதி 32 செ.மீ. விலகல் அவர் முடிவெடுத்த பிறகு நிகழ்கிறது. அவர் கண்ணுக்கு அது ஒடிவதாகத் தோன்றுவதில் வியப்பென்ன? எனவே விளையாட்டை உருவாக்குபவர் ஒடிவை வரைய வேண்டியதில்லை. சீரான முடுக்கத்தைக் கொடுத்துவிட்டுப் பேசாமலிருந்தால் போதும். ஒடிவு பார்ப்பவர் மனத்தில் தானே உண்டாகும். என் வகுப்பில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டும்போதெல்லாம், பேஸ்பாலை ஒரு முறைகூடப் பார்த்திராத மாணவர்களும் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

தையலின் விளையாட்டு

தையலை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். பந்து ஏறக்குறைய சுழலாமலே வந்தால் தையல் எந்தப் பக்கம் இருக்கிறதோ அதற்கேற்பக் காற்று ஒரு பக்கம் முன்னதாகவும் மறுபக்கம் தாமதமாகவும் பிரியும். பந்து மெல்லத் திரும்பத் திரும்ப, விசையின் திசையும் மாறும். இதுவே நக்கிள்பால். எறிந்தவருக்கே அது எங்கே போகும் என்று தெரியாது. இந்தப் பந்தை நம்பியே ஆர். ஏ. டிக்கி 2012இல் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதைப் பெற்றார்.

வீடியோ விளையாட்டுகளில் நக்கிள்பால் வண்ணத்துப்பூச்சி போல இடமும் வலமும் படபடத்து வருவதைப் பார்த்திருக்கலாம். இல்லினாய் பல்கலைக்கழக இயற்பியலறிஞர் ஆலன் நேதன் உண்மையான அளவீடுகளை ஆராய்ந்து பார்த்தபோது, இதன் பாதையும் மற்றப் பந்துகளின் பாதையைப் போலவே ஏறத்தாழ வழவழப்பாக இருக்கக் கண்டார். விந்தை ஒரு பந்தின் பாதையில் இல்லை. ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் இடையில் இருக்கிறது. ஒன்று இடப்புறம் விலகும், அடுத்தது விழும், அதற்கடுத்தது நேரே வரும். ஆக, கணிப்பொறி ஒவ்வொரு பந்துக்கும் விலகும் திசையைக் குலுக்கல் முறையில் எடுத்துக்கொண்டு, பாதையை வழவழப்பாகவே விடவேண்டும். படபடப்பு தேவையில்லை.

நன்றாகச் சுழலும் பந்துகளிலும் தையலுக்குப் பங்கு உண்டு என்பது அண்மைக்கால அறிவு. யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஸ்மித்தும் அவருடைய மாணவர்களும் 2019ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதை விளக்கிக் காட்டினார்கள். அச்சு தக்கவாறு அமைந்தால், பந்து சுழன்றுகொண்டே இருந்தாலும் தையல் ஒரே பக்கத்தில் திரும்பத் திரும்ப வந்து காற்றைப் பிரிக்கிறது. மேக்னஸ் கணக்கு சொல்லாத திசையில் பந்து கூடுதலாக நகர்கிறது. கிரிக்கெட்டில் புதுப்பந்து தையலின் சாய்வால் காற்றில் விலகுவதற்கு இது தூரத்து உறவு எனலாம்.

ஒன்பது எண்கள்

இவ்வளவையும் கணக்கில் சேர்க்க அளவீடு வேண்டும். 2006ஆம் ஆண்டு இறுதியில் அமெரிக்கப் பெருங்குழுப் போட்டிகளில் 'பிட்ச் எஃப் எக்ஸ்' என்ற காமிரா முறை வந்தது. பறக்கும் பந்தைப் படமெடுத்து ஒன்பது எண்களைத் தந்தது: தொடக்க இடத்துக்கு மூன்று, தொடக்கத் திசைவேகத்துக்கு மூன்று, முடுக்கத்துக்கு மூன்று. மேல்நிலைப் பள்ளி மாணவர் எழுதும் சமன்பாட்டில் இந்த ஒன்பதையும் இட்டால் பந்தின் முழுப்பாதையும் கிடைத்துவிடும்! 2015இல் ராடார் அடிப்படையிலான 'ஸ்டாட்காஸ்ட்' வந்தது. 2020 முதல் கிரிக்கெட் ரசிகர்கள் நன்கறிந்த ஹாக்-ஐ காமிராக்கள் அப்பணியைச் செய்கின்றன. சுழலும் அச்சையே நேரில் பார்த்துச் சொல்கின்றன.

இதனால் விளையாட்டை உருவாக்குபவருக்கு ஒரு பெரும் வசதி. மரியானோ ரிவெரா 2013இல் ஓய்வு பெறும்வரை பெரும்பாலும் 'கட்டர்' என்ற ஒரே வகைப் பந்தை எறிந்தே புகழ் பெற்றவர். அவருடைய கட்டரும் இன்னொருவருடைய கட்டரும் பெயரளவில்தான் ஒன்று. மதிப்பெண் முறையில் இவ்வேறுபாடு மறைந்துவிடும். கை விடும் இடம், வேகம், அச்சு, சுழற்சி ஆகியவற்றை ஆளுக்கு ஆள் தனித்தனியே கொடுத்தால் தானே வெளிப்படும்.

இடத்தையும் மறக்கக்கூடாது. கொலராடோவின் டென்வர் நகரம் கடல் மட்டத்திலிருந்து 1600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றின் அடர்த்தி அங்கே ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்றின் விசையும் அவ்வளவே குறையும். கர்வ்பாலையே நம்பி வாழும் பிட்சர் அங்கே போய்த் திண்டாடுவார். விளையாட்டிலும் அவர் திண்டாட வேண்டும். அடர்த்தி என்ற ஒரே எண்ணை மாற்றினால் போதும்.

கணிப்பொறிக்குள்

கணிப்பொறி பாதையைச் சிறுசிறு அடிகளாகக் கணக்கிடுகிறது. இந்த நொடியில் விசை என்ன, அதனால் திசைவேகம் எவ்வளவு மாறும், அதனால் இடம் எவ்வளவு மாறும் என்று கூட்டிக்கொண்டே போகிறது. திரை விநாடிக்கு 60 படங்களைக் காட்டினால், அடிக்கு 1/60 விநாடி என்று வைத்துக்கொள்வது எளிது. ஆனால் ஒவ்வோர் அடியின் தொடக்கத்தில் உள்ள திசைவேகத்தையே அடி முழுதும் கொண்டால், பந்து விழும் அளவில் 3 செ.மீ.க்கு மேல் பிழை வந்துவிடும். மட்டையின் மிகப் பருத்த பகுதியே 6.6 செ.மீ. விட்டந்தான். 3 செ.மீ. பிழை, நன்றாக அடிபட்ட பந்தை வானத்துக்கு அனுப்பிவிடும். ஆகவே கணக்கின் அடியை 1/600 விநாடி போலச் சிறிதாக்க வேண்டும். காட்டும் படம் மட்டும் 60ஆக இருக்கலாம்.

பிட்சரின் தவறுகளுக்கும் இடம் வேண்டும். விளையாடுபவர் ஒரு புள்ளியைக் குறிவைக்கிறார். கணிப்பொறி பின்னோக்கிக் கணக்கிட்டு அதற்குரிய எறியும் கோணத்தைக் கண்டுபிடிக்கிறது. ஃபாஸ்ட்பாலுக்கு அது கிடைமட்டத்துக்குக் கீழே 2 பாகைக்கு மேல். கர்வ்பாலுக்கு மேலே ஏறக்குறைய 1 பாகை. தவறைப் போய்ச்சேரும் புள்ளியில் சேர்க்காமல் இந்தக் கோணத்தில் சேர்ப்பதே முறை. ஒரு பாகை பிழை 16.5 மீட்டரில் 29 செ.மீ. ஆகிறது, பலகையின் அகலமே 43 செ.மீ. எனும்போது பிட்சரின் கைத்திறன் எத்தகையது என்று புரியும். சோனி நிறுவனத்தின் 'எம்.எல்.பி. தி ஷோ 21' விளையாட்டில் கைப்பிடியால் ஒரு வடிவத்தைச் சரியாக வரைந்தால்தான் பந்து குறித்த இடத்துக்குப் போகும் என்று அமைத்தார்கள். மனிதக் கையின் நடுக்கத்தையே பிழையாகப் பயன்படுத்தும் இந்த யோசனையை நான் மிகவும் ரசிக்கிறேன்.

நேரம் என்ற தொல்லை

இத்தனையும் சரியாகச் செய்தபின் ஒரு சிக்கல் எழுகிறது. விளையாட்டை யாராலும் ஆட முடிவதில்லை! 0.41 விநாடி என்றால் திரையில் 25 படங்கள் கூட முழுதாக இல்லை. முடிவெடுக்கக் கிடைப்பது முதல் 12 படங்கள். உண்மையான பேட்டருக்கு இரண்டு கண்களும் பல்லாண்டுப் பயிற்சியும் உண்டு. ஸ்லைடர் சுழலும்போது தையல் ஒரு சிவப்புப் புள்ளியாகத் தெரியும் என்கிறார்கள். திரையில் பந்து தொடக்கத்தில் சில ஒளிப்புள்ளிகளே, தையலாவது தெரிவதாவது! பொத்தானை அழுத்தியது திரைக்கு வந்து சேரும் தாமதம் வேறு.

ஆகவே பந்தின் வேகத்தைக் குறைத்தாக வேண்டும். இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். வேகத்தை ஒன்றரை மடங்கு குறைத்தால் பந்து 0.615 விநாடி பறக்கும். அந்நேரத்தில் புவியீர்ப்பு அதை 82 செ.மீ.க்குப் பதிலாக 1.85 மீட்டர் வீழ்த்திவிடும். ஃபாஸ்ட்பாலை மேல்நோக்கித் தூக்கிப் போட வேண்டியிருக்கும். பார்க்க மாம்பழத்தின் மீது கல்லெறிவது போலிருக்கும். காற்றின் விசைகள் திசைவேகத்தின் இருமடியைப் பொறுத்தவை. வேகத்தோடு சுழற்சியையும் ஒன்றரை மடங்கு குறைத்தால் அவை தாமாகவே 2.25 மடங்கு குறைந்து ஒத்துப்போகின்றன. புவியீர்ப்பு மட்டும் பிடிவாதமாக நிற்கிறது. அதையும் 2.25ஆல் வகுத்து 4.36 என்று வைத்துவிடுங்கள். பாதையின் வடிவம் ஒரு மயிரிழையும் மாறாமல், சினிமாவில் மெதுவாக ஓடும் காட்சி போல, பந்து நிதானமாக வரும்.

ஃபாஸ்ட்பாலுக்கும் சேஞ்சப்புக்கும் இடையிலிருந்த 0.05 விநாடி இப்போது 0.075 ஆகிறது. விகிதம் மாறவில்லை, ஏமாற்றும் அதே அளவில் நிற்கிறது. இதை விட்டு, ஃபாஸ்ட்பாலை மட்டும் மெதுவாக்கிச் சேஞ்சப்பை அப்படியே விட்டால், சேஞ்சப்பே முன்னதாக வந்து சேரும். அப்புறம் சேஞ்சப் எதற்கு?